டைவிங்கில் பார்த்த புழுவை அடையாளம் காண்பது எப்படி?

அந்தமானில் டைவிங் முடித்து வருகிறவர்கள் பகிரும் படங்களில் ஒரு புழு அடிக்கடி தென்படும். விரல் நீளமோ அதற்குக் கொஞ்சம் கூடவோ இருக்கும். உடலின் இரண்டு பக்கமும் வெள்ளை முள் கற்றைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். படத்துக்குக் கீழே ‘ஹெர்மோடைஸ் கரன்குலேட்டா’ என்று பெயரும் போட்டிருப்பார்கள். கைப்பேசியில் படத்தைக் கொடுத்துத் தேடியதும் வந்த பெயர் அது. ஆனால் அந்தப் பெயருக்குரிய புழு அட்லாண்டிக் பெருங்கடலையும் மத்தியதரைக் கடலையும் சேர்ந்தது. கரீபியனிலும் இத்தாலிக் கரையிலும் டைவ் செய்கிறவர்கள் அதை ஏராளமாகப் படம் எடுத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அதனால் எந்த முள் புழுவைக் காட்டினாலும் தேடுபொறி அதையே முதலில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

புழுவைப் பார்த்தவரைக் குறை சொல்ல முடியாது. அடையாளம் காண்பது என்றால் முழுப் பெயரையும் சொல்லிவிடுவது என்றுதான் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். கடல் புழுக்களிடம் அந்த எண்ணம் முதல் அடியிலேயே வழி தவற வைக்கும். முதலில் உடல் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்தது எதுவரை கொண்டுபோகிறதோ அதுவரை போய், அங்கேயே நிற்க வேண்டும். டைவிங்குக்குப் புதியவராலும் இதைச் செய்ய முடியும்.

பின்கோடு எப்படி வேலை செய்கிறது?

நம் முகவரியில் எழுதும் பின்கோடுக்கு ஆறு இலக்கம். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். முதல் மூன்றும் 623 என்றால் ராமநாதபுரம் வட்டாரம். ஆறு இலக்கமும் சேர்ந்து 623526 என்றிருந்தால் ராமேஸ்வரம். 623 வரைக்கும் தெரிந்த ஒருவர் அதை மட்டும் சொன்னால், சொன்னது முழுக்க உண்மை, பயனும் உண்டு. மீதி மூன்று இலக்கத்தைக் குத்துமதிப்பாகப் போட்டால்தான் கடிதம் வேறு ஊருக்குப் போகும்.

உயிரினங்களையும் இப்படித்தான் அடுக்கியிருக்கிறார்கள். உடலின் அடிப்படை அமைப்பை வைத்துப் பிரித்த பெரும் பிரிவு ‘தொகுதி’. அதற்குள் நெருங்கிய உறவுள்ளவை சேர்ந்தது ‘குடும்பம்’. குடும்பத்துக்குள் ‘பேரினம்’, அதற்குள் ‘சிற்றினம்’. இரண்டு சொல்லில் வரும் அறிவியல் பெயரில் முதல் சொல் பேரினத்தையும், இரண்டும் சேர்ந்து சிற்றினத்தையும் குறிக்கின்றன. தண்ணீருக்குள் எடுத்த ஒரு படத்தை வைத்துத் தொகுதியைச் சொல்வது பெரும்பாலும் எளிது. குடும்பத்தைப் பல நேரங்களில் சொல்லிவிடலாம். சிற்றினத்தைச் சொல்ல முடிவது சில நேரங்களில்தான்.

இதுவரை பார்த்தது: பெயர் என்பது படிப்படியாகக் குறுகி வரும் ஒரு வரிசை. பாதியில் நின்றாலும் அது சரியான விடைதான்.

புழு என்பது ஒரே கூட்டம் இல்லை

நீளமாக, மெத்தென்று, காலில்லாமல் எது ஊர்ந்தாலும் புழு என்கிறோம். விலங்கியல் பார்வையில் இந்தத் தோற்றம் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத பல தொகுதிகளில் தனித்தனியாக உருவானது. பவளப் பாறைமேல் பளபளவென்று வழுக்கிப் போகும் தட்டைப்புழுவுக்கும் மணலுக்குள் இருக்கும் முள் புழுவுக்கும் உள்ள தூரம், முள் புழுவுக்கும் நத்தைக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைந்ததல்ல.

இதற்கு நம் கடற்கரையிலேயே நல்ல சாட்சி உண்டு. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் மணலுக்குள் வாழும் டைகோடெரா ஃபிளாவா என்ற ஏகார்ன் புழுவைப் பற்றி விலங்கியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்து வருகிறார்கள். முன்னால் ஒரு மூக்கு, அடுத்து ஒரு கழுத்துப்பட்டை, பிறகு நீண்ட உடல் என்று மூன்று பகுதியாக இருக்கும். பார்த்தால் புழுதான். உறவு முறையிலோ அது மண்புழுவைவிட நட்சத்திர மீனுக்கும், முதுகெலும்புள்ள நமக்கும்கூட அருகில் இருக்கிறது. டைவ் செய்கிறவர் கண்ணில் அநேகமாக அது படாது. அது மணலைத் தின்று வெளியே தள்ளிய சுருள் குவியல்தான் படும்.

ஆகவே கீழே கண்டதும் ‘எந்தப் புழு’ என்று கேட்க வேண்டாம். எந்த வகை உடல் என்று கேளுங்கள்.

முதல் கேள்வி: உடலில் வளையங்கள் இருக்கின்றனவா?

மண்புழுவின் உடலில் காணும் வளைய வளையமான பகுதிகளுக்குக் ‘கண்டம்’ என்று பெயர். கண்டங்களால் ஆன தொகுதி வளைத்தசைப் புழுக்கள். கடலில் டைவ் செய்கிறவர் காணும் வளைத்தசைப் புழுக்களில் மிகப் பெரும்பாலானவை பாலிகீட் எனப்படும் பிரிவு. இதுவரை பெயரிடப்பட்டவை மட்டும் பத்தாயிரத்துக்கு மேல்.

பாலிகீட்டுகளை மற்றவற்றிலிருந்து பிரிப்பவை இரண்டு உறுப்புகள். கண்டம் ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சதைப் பகுதி ‘பக்கக்கால்’. அந்தப் பக்கக்காலிலிருந்து வெளியே வரும் நுண்ணிய முள்முடி ‘சீட்டா’. நடப்பது, நீந்துவது, குழியின் சுவரைப் பற்றிக்கொள்வது எல்லாம் இவற்றால்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஓரம் முழுவதும் ஒரே சீராகக் கற்றைகள் வந்தால், பாலிகீட் என்று தயங்காமல் எழுதலாம்.

தொடக்கத்தில் சொன்ன முள் புழு ஆம்பினோமிடே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆங்கிலம் பேசும் டைவர்கள் இந்தக் குடும்பத்தையே ஃபயர்வார்ம் என்பார்கள். இவற்றின் சீட்டாக்கள் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. அதனால்தான் அப்படி வெள்ளையாகத் தெரிகின்றன, அதனால்தான் தொட்டதும் ஒடிகின்றன. ஒடிந்த துணுக்குகள் தோலுக்குள் தங்கி நெருப்புப் பட்டதுபோல் எரியும். பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் அழுத்தி உரித்தால் துணுக்குகள் அதோடு வரும். எரிச்சல் அடங்காவிட்டாலோ வீக்கம் பரவினாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். கையுறை போட்டிருந்தாலும் இந்தக் குடும்பத்தைத் தொட வேண்டாம் என்பேன்.

குடும்பத்துக்குள் மேலே போவது தலையைப் பொறுத்தது. ஆம்பினோமிட் புழுக்களின் தலைக்குப் பின்னால் ஒரு சதை மடிப்பு உண்டு. அது சிறிய மேடா, பல அடுக்கு மடிப்பா, எத்தனை கண்டம் வரை நீள்கிறது என்பதை வைத்துப் பேரினங்களைப் பிரிக்கிறார்கள். இந்தியப் பெருங்கடலில் யூரித்தோ, ஃபெரெகார்டியா, குளோயியா போன்ற பேரினங்கள் இருக்கின்றன. மேலிருந்து முழு உடலையும் எடுத்த படத்தில் இந்த மடிப்பு தெரிவதே இல்லை. அதனால்தான் பல நல்ல படங்கள்கூடக் குடும்பத்தோடு நின்றுவிடுகின்றன.

உடல் தெரியாமல் உறுப்பு மட்டும் தெரிந்தால்

பாலிகீட்டுகளில் பாதிக் குழப்பம் இங்கேதான். பல புழுக்கள் குழாய்க்குள் வாழ்கின்றன. நாம் பார்ப்பது அவற்றின் ஒரு நுனியை மட்டும்.

போரைட்ஸ் பவளத்தின் மேல் நீலம், மஞ்சள், சிவப்பு என்று சிறிய கூம்புகள் இரண்டிரண்டாக நிற்கும். நிழல் பட்டால் நொடியில் மறைந்துவிடும். கிறிஸ்துமஸ் மரப் புழு என்று எல்லா டைவ் வழிகாட்டிகளும் காட்டுவது இதைத்தான். இரண்டு கூம்பும் சேர்ந்து ஒரே விலங்கு. தண்ணீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடிப்பதற்கும் மூச்சுவிடுவதற்கும் உள்ள இழைக் கிரீடம் இரண்டு சுருளாக மேலெழுந்திருக்கிறது. புழு பவளத்தைக் குடைந்து உள்ளே போவதாகப் பலர் சொல்வார்கள், அது தவறு. இளம்புழு பவளத்தின்மேல் வந்து அமர்ந்து சுண்ணாம்புக் குழாய் கட்டத் தொடங்குகிறது. பவளம் தன் போக்கில் வளர்ந்து குழாயைச் சூழ்ந்துகொள்கிறது.

இதன் பெயரிலும் பழைய குழப்பம் ஒன்று உண்டு. இந்தியக் கடல் படங்களுக்கு ‘ஸ்பைரோபிராங்கஸ் ஜைஜான்டியஸ்’ என்று இன்னமும் எழுதுகிறார்கள். ஆய்வாளர்கள் அந்தப் பெயரை மேற்கு அட்லாண்டிக்கில் வாழும் புழுவுக்கு மட்டும் என்று ஒதுக்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நம் பக்கம் இருப்பவை ‘ஸ்பைரோபிராங்கஸ் கார்னிகுலேட்டஸ்’ என்பதும் அதற்கு மிக நெருங்கிய உறவுகளும். ஸ்பைரோபிராங்கஸ் என்று பேரினத்தோடு நிறுத்தினால் பிழையே வராது.

ஒற்றை விசிறியாக, பெரிய இறகுக் கிரீடமாகத் தெரிந்தால் சபெல்லிடே குடும்பமாக இருக்கலாம். உறுதி செய்யக் குழாயைப் பாருங்கள். மண்ணும் சளியும் கலந்த மெத்தென்ற குழாய் என்றால் சபெல்லிடே. கல் மாதிரி கெட்டியான சுண்ணாம்புக் குழாயும், உள்ளே போனதும் வாயை அடைக்கும் மூடியும் இருந்தால் செர்புலிடே. கிறிஸ்துமஸ் மரப் புழுவும் இந்தக் குடும்பம்தான். கிரீடத்தின் நிறம் இங்கே எதையும் சொல்லாது. ஒரே பவளப் பாறையில் ஒரே சிற்றினம் ஐந்தாறு நிறத்தில் இருக்கும்.

மணல்மேல் வெள்ளை நூல்கள் நீளநீளமாகப் பரவிக் கிடந்து, விரலை அருகில் கொண்டுபோனால் மெதுவாகச் சுருங்கினால், அவை டெரபெல்லிடே குடும்பப் புழுவின் உணர்விழைகள். உடல் பக்கத்துப் பாறை இடுக்கில் இருக்கும்.

இரவு டைவில் மணலிலிருந்து ஐந்து கொம்பும் விரிந்த தாடையும் எட்டிப் பார்த்தால் அது யூனிசிடே குடும்பம். பாபிட் வார்ம் என்று பரவலாக அறியப்படும் யூனிஸ் அஃப்ரோடிடாய்ஸ் இதில் சேரும். ஜப்பானின் ஷிராஹாமாவில் ஒரு மிதவைக்குள் கிடைத்து 2009இல் அறிக்கை வெளியான புழு 299 சென்டிமீட்டர் நீளம், 673 கண்டங்கள், 433 கிராம் எடை. இந்தச் சிற்றினத்தை 1788இல் இயற்கை ஆய்வாளர் பல்லாஸ் விவரித்தது இலங்கையில் கிடைத்த புழுவை வைத்து. பிறகு உலகின் எல்லா மூலைகளிலும் கிடைத்த பெரிய யூனிஸ்களுக்கு அதே பெயர் வைக்கப்பட்டது. அவை எல்லாம் ஒன்றல்ல என்று இப்போது பிரித்து வருகிறார்கள்.

சுருங்கச் சொன்னால், குழாய்ப் புழுக்களில் கிரீடத்தின் வடிவம், குழாயின் பொருள், மூடி உண்டா இல்லையா என்ற மூன்றும் குடும்பம் வரை கொண்டுபோகும்.

கண்டமும் முள்ளும் இல்லாதவை

பாறைமேல் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத வண்ணத் தகடு ஒன்று ஓரங்களை அலைத்தபடி நகர்கிறது. இது தட்டைப்புழு. அடிப்பக்கம் முழுக்க உள்ள ‘குற்றிழை’ எனும் நுண்மயிர்களை அசைத்து வழுக்கிச் செல்கிறது. வாய் அடிவயிற்றில் இருக்கும், மலவாய் கிடையாது.

இதைக் கடல் நத்தை வகையான நூடிபிராங்கோடு குழப்பாதவர்கள் குறைவு. பிரிப்பதற்கு முதுகைப் பாருங்கள். நூடிபிராங்கின் தலையில் தனியாக இரண்டு உணர்கொம்புகள் நிமிர்ந்து நிற்கும். பலவற்றில் பின்முதுகில் செவுள் கொத்து மலர்ந்திருக்கும். உடலுக்குக் கனம் உண்டு. தட்டைப்புழுவுக்குச் செவுள் கொத்து இல்லை. கொம்பு மாதிரித் தெரிவது முன்னோரம் மடிந்ததால் வந்த மடிப்பு.

நிறம் உண்மையில் உதவும் சில இடங்களில் இது ஒன்று. சூடோசெரோஸ் போன்ற தட்டைப்புழுக்களில் நிறக் கோலம் சிற்றினத்தைப் பிரிக்கவும் பயன்படுகிறது. ஆனால் மேலிருந்து ஒன்றுபோலவே தெரியும் சூடோசெரோஸையும் சூடோபைசெரோஸையும் பிரிப்பது அடிப்பக்கத்தில் உள்ள ஆண் இனப்பெருக்கத் துளைகள். முன்னதில் பொதுவாக ஒன்று, பின்னதில் இரண்டு. புழு தானாக நீந்தும்போது அடிப்பக்கம் படத்தில் விழுந்தால் அது பெரிய வரவு. அதற்காகப் புரட்டிப் போடக் கூடாது. லேசான இழுவிலேயே கிழிந்துவிடும்.

இன்னொரு பக்கம் நெமர்டீன்கள். வழவழப்பாக, வளையமோ முள்ளோ இன்றி, சளி பூசிய நாடாவாக நீளும். நீளத்தைச் சொல்வதே கடினம், அவ்வளவு நீண்டு சுருங்கும். 1864இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கரையில் ஒதுங்கிய லைனியஸ் லாஞ்சிஸிமஸ் 55 மீட்டர் என்று பதிவானது. இழுபட்ட அளவாகவும் இருக்கலாம். இரையைப் பிடிக்க உள்ளிருந்து வெளியே பாயும் ‘துதிக்குழல்’தான் இத்தொகுதியின் அடையாளம், ஆனால் டைவில் அது வெளியே வருவதைப் பார்ப்பது அரிது. வெள்ளை உடல், முதுகில் நீளவாக்கில் கருங்கோடு, தலையில் பட்டை என்றிருப்பது பேசியோடிஸ்கஸ் ஹெம்ப்ரிச்சி. சிற்றினம் வரை துணிந்து போகக்கூடிய சில புழுக்களில் இது ஒன்று. பல நெமர்டீன்களிடம் நச்சு உண்டு என்பதால் கை வைக்க வேண்டாம்.

புழுவே அல்லாத ‘புழு’

இரண்டு மீட்டருக்கும் மேல் நீண்டு, முடிச்சு முடிச்சாகக் கடற்புல்லில் கிடக்கும் ஒன்றைப் பார்த்து மிரளாதவர் இல்லை. வாயைச் சுற்றி இறகு போன்ற உணர்விழைகள் மண்ணை வாரி வாரி வாய்க்குள் கொண்டுபோகின்றனவா? அப்படியானால் அது சினாப்டா மாகுலேட்டா, ஒரு கடல் அட்டை. தோலுக்குள் நங்கூர வடிவச் சிறு சுண்ணாம்புத் துணுக்குகள் இருப்பதால் கையில் ஒட்டிக்கொள்ளும். இந்தியாவில் கடல் அட்டைகள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. எடுத்துப் பார்ப்பதே குற்றம். பாறை கட்டும் பவளங்களும் அதே அட்டவணையில் இருப்பதால், கிறிஸ்துமஸ் மரப் புழுவுக்காகப் பவளத்தைத் தட்டிப் பார்ப்பதும் அப்படியே.

நல்ல படம் இருந்தும் சிற்றினம் ஏன் வருவதில்லை?

முதல் காரணம், சிற்றினத்தைப் பிரிக்கும் உறுப்புகள் நுண்ணோக்கிக்கு அடியில்தான் தெரியும். சீட்டாவின் நுனி பிளந்திருக்கிறதா, பற்கள் இருக்கின்றனவா, தாடையில் எத்தனை தகடு என்ற கேள்விகளுக்குக் கேமரா விடை சொல்லாது.

இரண்டாவது, வெளியில் ஒன்றுபோலவே இருந்து மரபணுவில் வேறுபடும் ‘மறை சிற்றினங்கள்’. யூரித்தோ கம்பிளனேட்டா என்ற முள் புழு வெப்பக் கடல்கள் எல்லாவற்றிலும் இருப்பதாக நீண்ட காலம் நம்பப்பட்டது. 2010இல் வெளியான மரபணு ஆய்வு, அந்த ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று சிற்றினங்கள் ஒளிந்திருப்பதைக் காட்டியது. நம் நாட்டுப் பாலிகீட்டுகளுக்கு அடிப்படை நூலை 1953இல் எழுதியவர் பிரெஞ்சு அறிஞர் பியேர் ஃபோவெல். ஐரோப்பியக் கடல்களில் முதலில் விவரிக்கப்பட்ட பெயர்கள் பலவற்றை அவர் இங்கே கிடைத்த புழுக்களுக்கும் பொருத்தினார். அக்கால அறிவுக்கு அது இயல்பு. அந்தப் பெயர்கள் இன்றும் பட்டியல்களில் தொடர்வதால், இணையத்தில் ‘இந்தியாவில் உண்டு’ என்று கண்டாலும் உடனே எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. நெரெயிட் குடும்பத்துப் புழுக்கள் இனப்பெருக்கக் காலத்தில் உருவத்தையே மாற்றிக்கொள்ளும். கண்கள் பெரிதாகும், பக்கக்கால்கள் நீந்தும் துடுப்புகளாக அகலும். அடியில் கிடந்த புழு இரவில் மேலே நீந்திவந்து டார்ச் வெளிச்சத்தைச் சுற்றும். ஒரு காலத்தில் விஞ்ஞானிகளே இந்த நீந்தும் வடிவத்தை ‘ஹெட்டெரோநெரெயிஸ்’ என்று தனிப் பேரினமாக எழுதிவைத்தார்கள்.

ஆக, சிற்றினத்தில் தடுமாறுவது பார்ப்பவரின் அறியாமையால் மட்டும் அல்ல. புழுவின் இயல்பே அப்படி.

தண்ணீருக்குள் செய்ய வேண்டியவை

முதலில் முழு உடலையும் ஒரு படம். பிறகு தலை, இருக்கும் காற்றில் பெரும்பகுதியைத் தலைக்கே செலவழித்தாலும் தகும். அடுத்து நடு உடலைப் பக்கவாட்டிலிருந்து. முடிந்தால் சில நொடி வீடியோ, ஏனென்றால் வழுக்கியதா, நெளிந்ததா, முள்ளை ஊன்றி நடந்ததா என்பதே பாதி விடை. அளவுக்குச் சிலேட் ஓரத்தையோ விரலையோ தொடாமல் பக்கத்தில் காட்டுங்கள்.

எதன் மேல் இருந்தது என்பதைக் கட்டாயம் குறியுங்கள். காஸ்ட்ரோலெபிடியா கிளாவிஜெரா என்ற செதில் புழு கடல் அட்டையின் உடல்மேலேயே, அதன் நிறத்திலேயே வாழ்கிறது. படத்தை வெட்டி அட்டையை நீக்கிவிட்டுப் புழுவை மட்டும் வைத்தால் முக்கியமான துப்பு போய்விடும். ஆழம், நேரம், மணலா பாறையா புல்லா என்பதையும் மேலே வந்த கையோடு எழுதுங்கள்.

கடைசியில் பதிவு இப்படி இருக்கலாம்: ‘பாலிகீட், ஆம்பினோமிடே குடும்பம். பேரினம் உறுதியில்லை, தலை மடிப்பு படத்தில் இல்லை. சுமார் 10 செ.மீ. இறந்த பவளத்தின் மேல், 12 மீட்டர் ஆழம், இரவு டைவ், ஊர்ந்துகொண்டிருந்தது.’ பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் போன்ற இடங்களில் பாலிகீட் ஆய்வு நடக்கிறது. அங்குள்ள ஒருவருக்கு இப்படி எழுதி அனுப்பினால், தவறான முழுப் பெயர் போட்ட பத்துப் படங்களைவிட அவருக்கு இது பயன்படும். கூடவே மூலப் படத்தை வெட்டாமல், பில்டர் போடாமல் அனுப்புங்கள். அவர் பெரிதாக்கிப் பார்க்கப்போவது நீங்கள் கவனிக்காத ஏதோ ஒரு ஓரத்தையாக இருக்கலாம்.